ஹரிக்கேன் நேரத்தில் வீட்டிலா, ஷெல்டரிலா, ஹைவேயிலா?

ஃப்ளோரிடாவிலும் டெக்சஸ், லூசியானா கரையோரங்களிலும் ஆகஸ்ட், செப்டம்பர் வந்துவிட்டால் இந்தப் பேச்சு வராத வீடு கிடையாது. டிவியில் புயல் போகக்கூடிய பாதையைக் காட்டும் கூம்பு வரைபடம் வந்ததும் வாட்ஸாப் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். "போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு கூட்டம் அசையாமல் இருக்கும். இன்னொரு கூட்டம் அட்லாண்டாவிலோ டாலஸிலோ ஹோட்டல் போட்டுவிட்டு நள்ளிரவில் வண்டியை எடுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே கவுன்டி ஷெல்டர், பத்து முப்பது மைல் உள்ளே தள்ளி இருக்கும் நண்பர் வீடு, உறுதியான அடுக்குமாடியின் நடுத்தளம், முன்கூட்டியே விமானம் என்று இன்னும் நாலு வழிகள் இருக்கின்றன. காலி செய்ய வேண்டிய பகுதியில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்கு, எங்கள் கணக்கில், பக்கத்து மாநிலம் தேவையே இல்லை. அதே கவுன்டியிலோ அடுத்த கவுன்டியிலோ தண்ணீர் ஏறாத இடத்தில் ஒரு நல்ல கட்டடம் இருந்தால் போதும். ஆனால் அதற்கும் நேரத்தோடு கிளம்ப வேண்டும்.

கேட்டகரியை விடுங்கள், முகவரியைப் பாருங்கள்

சஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. மணிக்கு 111 மைல் தொட்டால் கேட்டகரி 3. 'மேஜர்' என்ற பட்டம் அங்கேதான் ஆரம்பம். 130-இல் 4, 157-இல் 5. கடல் எத்தனை அடி ஏறும், மழை எவ்வளவு கொட்டும் என்பதற்கு இந்த எண்ணில் இடமே கிடையாது. அதே சமயம் 1963 முதல் 2012 வரை அட்லாண்டிக் புயல்கள் அமெரிக்காவில் நேரடியாகக் கொன்றவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் போனவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஸ்டார்ம் சர்ஜில், அதாவது காற்று கரைமேல் தள்ளிக்கொண்டு வரும் கடல் நீரில் இறந்தவர்கள்.

2022-இல் இயன் வந்தபோது ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி உயரத்துக்குக் கடல் ஏறியது. 2017-இல் ஹூஸ்டனை மூழ்கடித்த நாட்களில் ஹார்வி ஹரிக்கேனாகக்கூட இல்லை, வெறும் ட்ராபிகல் ஸ்டார்ம். ஆனால் டெக்சஸின் நெடர்லாண்டில் 60 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. 2024 ஜூலையில் வந்த பெரில் சாதாரண கேட்டகரி 1. அதுவே ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்டைத் துண்டித்துவிட்டுப் போனது. அவசரகால அதிகாரிகள் வருடாவருடம் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் வந்தால் ஓடு, காற்று வந்தால் பதுங்கு. எந்தக் கேட்டகரி என்று கேட்பதற்கு முன், நம் வாசலுக்கு எந்தத் தண்ணீர் வரும் என்று கேளுங்கள்.

அதற்குப் பார்க்க வேண்டியது இவாக்குவேஷன் ஸோன். ஃப்ளோரிடா கவுன்டிகளில் இது ஏ, பி, சி என்று எழுத்தால் பிரிக்கப்பட்டிருக்கும். ஏ முதலில் கிளம்ப வேண்டும். ஹூஸ்டன்-கால்வெஸ்டன் பகுதியில் ஜிப் கோடை வைத்துக் கோஸ்டல், ஏ, பி, சி. இதை மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் ஃப்ளட் ஸோனோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஏஇ, விஇ, எக்ஸ் என்பதெல்லாம் இன்ஷூரன்ஸுக்கும் கட்டட விதிகளுக்குமான வகைப்பாடு. "நம்ம வீடு எக்ஸ் ஸோன், பேங்க் ஃப்ளட் இன்ஷூரன்ஸே கேட்கவில்லை, நாம் ஏன் கிளம்பணும்?" என்று வாதாடுபவரின் வீடு இவாக்குவேஷன் வரைபடத்தில் பி-யாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக, தெருப்பெயரும் கதவெண்ணும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

"போன தடவை ஒன்றும் ஆகவில்லை" என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 2024 அக்டோபரில் மில்டன் தம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீயில் கரையேறியது. நம் பக்கத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் தம்பா விரிகுடாவின் மேல் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசித் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. புயல் சற்று வடக்கே தள்ளிக் கரையேறியிருந்தால் அதே காற்று கடலை ஊருக்குள் தள்ளியிருக்கும். தப்பித்ததற்குக் காரணம் சில மைல் விலகல். வீட்டின் பலத்துக்கு அதில் பங்கு ஒன்றும் இல்லை.

வீட்டிலேயே இருப்பது எப்போது சரி?

இருப்பவர்கள் எல்லோரும் அசட்டுத் துணிச்சல்காரர்கள் அல்ல. வீடு எந்த ஸோனிலும் இல்லை, பக்கத்தில் பெருக்கெடுக்கும் ஓடையோ பையூவோ இல்லை, மொபைல் ஹோம் இல்லை, கரண்டை நம்பி உயிர் வாழும் நோயாளி வீட்டில் இல்லை, ஒரு வாரம் ஏசி இல்லாமல் சமாளிக்க முடியும். இந்த ஐந்துக்கும் 'ஆம்' என்றால் இருப்பதுதான் சரி. கிளம்பத் தேவையில்லாதவர்களும் கிளம்பும்போது, கிளம்பியே ஆக வேண்டியவர்கள் அவர்களுக்குப் பின்னால் ஹைவேயில் மாட்டிக்கொள்கிறார்கள். மொபைல் ஹோம் மட்டும் விதிவிலக்கே இல்லாதது. எந்த ஸோனாக இருந்தாலும், எவ்வளவு புதிதாக இருந்தாலும், அதை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஃப்ளோரிடாவில் 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மாநிலக் கட்டட விதிக்குப் பின் கட்டிய வீடு என்றால் கூரைக்கும் சுவருக்கும் இடையிலான இரும்புப் பிணைப்பை ஓரளவு நம்பலாம். பழைய வீடு என்றால் பலவீனமான இடம் பெரும்பாலும் கராஜ் கதவு, அதிலும் இரண்டு கார் அகலத்தில் ஒரே கதவாக இருப்பது. அது உள்வாங்கினால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். மேலே வீசும் காற்றும் அதே கூரையை இழுத்துக்கொண்டிருக்கும். காற்றழுத்தத் தரச் சான்று ஒட்டிய கதவா என்று உட்புறம் பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கதவுக்கென்று விற்கும் பிரேஸ் கிட்டை ஜூனிலேயே பொருத்திவிடுங்கள்.

ஜன்னலுக்கு ஷட்டர் இல்லாவிட்டால் குறைந்தது 5/8 அங்குல ப்ளைவுட். மரச்சட்ட வீடென்றால் திறப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டி, சுவருக்குள் இருக்கும் கட்டையைப் பிடிக்கும்படி ஸ்க்ரூ அடிக்க வேண்டும். ஆணி வேண்டாம், பிடுங்கிக்கொள்ளும். கான்கிரீட் பிளாக் சுவரென்றால் ஆங்கர் துளைகளை முன்கூட்டியே போட்டுவைக்காமல் புயலுக்கு முந்தின நாள் ஆரம்பித்தால் முடியவே முடியாது. ஒவ்வொரு பலகையிலும் எந்த ஜன்னலுக்கானது, எந்தப் பக்கம் மேலே என்று மார்க்கரில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் இருட்டில் மாட்டும்போது அருமை தெரியும். கண்ணாடியில் எக்ஸ் வடிவத்தில் டேப் ஒட்டுவதால் பயன் எதுவும் இல்லை. உடையும் கண்ணாடியைப் பெரிய பெரிய துண்டுகளாக விழவைப்பதுதான் அதன் வேலை.

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு காலன். நாலு பேருக்கு ஏழு நாளென்றால் 28 காலன். பாத்டப்பில் நிரப்புவது டாய்லெட்டில் ஊற்ற மட்டும். கரண்ட் போனபின் கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். வெளியூர் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட வேண்டியதுதான்.

இருப்பவர்கள் மறக்கும் ஒன்று: காற்று நிலையாக 40-45 மைலைத் தாண்டிவிட்டால் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வெளியே வராது. 911-இல் போனை எடுப்பார்கள், ஆள் வரமாட்டார். தண்ணீர் ஏறினால் வெளியேறும் வழி இல்லாத ஆட்டிக்குக்குள் ஏறக் கூடாது. கத்ரீனாவில் அப்படி மாட்டியவர்கள் உண்டு. புயலின் கண் கடக்கும்போது வரும் அமைதியை நம்பி மரத்தை வெட்டப் போனால் எதிர்த்திசைக் காற்று திடீரென்று அறையும்.

முப்பது மைல் தள்ளி ஒரு வீடு

பேச்சில் அதிகம் அடிபடாத வழி இது. தம்பாவுக்கு மேற்கே பினெல்லஸ் கடலோரத்தில் இருப்பவருக்குத் தம்பாவுக்குக் கிழக்கே பிராண்டன் பக்கம் போதும். கடல் நீர் ஏற்றம் அங்கே எட்டாது. காற்றும் நிலத்தில் வர வரக் குறையும். பெட்ரோல் இரண்டு காலனுக்குள் முடியும். சாலை நெரிசலில் மூன்று மடங்கு நேரம் பிடித்தாலும் இரண்டு மூன்று மணி நேரம்தான். இதையெல்லாம்விடப் பெரிய வசதி, முடிவைச் சற்றுத் தள்ளிப்போட முடிவது. முன்னூறு மைல் போகிறவர் மூன்று நாள் முன்பே, புயலின் திசை தெளியாதபோதே கிளம்ப வேண்டும். முப்பது மைல்காரர் இன்னும் ஒரு நாள் பொறுத்துத் தெளிவான கணிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

ஆனால் நண்பர் வீடு என்பதாலேயே பத்திரம் ஆகிவிடாது. அவர் முகவரியையும் ஸோன் தேடலில் போடுங்கள். வீட்டுக்குப் பின்னால் மழைநீர் தேங்கும் ரிடென்ஷன் பாண்ட் இருக்கிறதா, படுக்கையறைமேல் சாயக்கூடிய பெரிய ஓக் மரம் இருக்கிறதா, ஷட்டர் இருக்கிறதா? இயன் சமயத்தில் கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஆர்லாண்டோ சுற்றுவட்டாரத்திலும் வீடுகளில் வெள்ளம் புகுந்தது. கேட்பதையும் மே மாதத்திலேயே கேட்டுவையுங்கள். செப்டம்பரில் கேட்டால் அவர் ஏற்கெனவே இரண்டு குடும்பத்துக்குத் தலையாட்டியிருப்பார். ஒன்பது பேர், ஒரு பாத்ரூம், கரண்ட் இல்லை என்றால் மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் தண்ணீர், போர்வை, அடுப்பில் வைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, மருந்து எல்லாம் உங்களோடு வர வேண்டும். விருந்தாளி மாதிரி வெறுங்கையோடு போகும் இடமல்ல இது.

ஷெல்டர்

ஷெல்டர் என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூடம்தான். ஆளுக்குச் சுமார் 20 சதுர அடி, ஏறக்குறைய இரண்டு யோகா பாய் விரிக்கும் இடம். கட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். படுக்கை, தலையணை, காதடைப்பான் நாம்தான் கொண்டுபோக வேண்டும். கொடுக்கும் சாப்பாட்டில் சைவம் இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை, அதனால் இரண்டு நாளைக்குச் சப்பாத்தி, அவல், பழம் கட்டிக்கொள்வது நல்லது. குடியேற்ற நிலை என்னவாக இருந்தாலும் ஷெல்டரும் உணவும் உண்டு; விசாவைக் காரணம் காட்டித் தயங்க வேண்டியதில்லை.

எல்லா ஷெல்டரும் எல்லாப் புயலுக்கும் திறப்பதில்லை. எது திறந்திருக்கிறது, எது செல்லப்பிராணிகளை ஏற்கிறது என்பதைக் கவுன்டி தளத்திலோ 211 என்ற உதவித் தொலைபேசியிலோ அன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆக்ஸிஜன் கருவி, டயாலிசிஸ், படுத்த படுக்கை என்றால் ஃப்ளோரிடாவில் ஸ்பெஷல் நீட்ஸ் ஷெல்டருக்கு முன்பதிவு வேண்டும். டெக்சஸில் உதவி தேவைப்படுபவர்களுக்கான 'ஸ்டியர்' பதிவேடு. இரண்டையும் புயல் கிளம்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நண்பர் வீடு கிடைக்காத, நேரமும் கடந்துவிட்ட குடும்பத்துக்கு ஹைவேயைவிட ஷெல்டர் நிச்சயம் மேல்.

தூரத்து ஹோட்டல்

2005 செப்டம்பரில் ரீட்டாவுக்குப் பயந்து ஹூஸ்டன் பகுதியிலிருந்து இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். கத்ரீனா முடிந்து ஒரு மாதம்கூட ஆகாததால் யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. கடும் வெயிலில், நகராத வரிசையில், பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாலஸுக்குத் தெற்கே ஐ-45-இல் முதியோர் இல்லத்தவரை ஏற்றிவந்த பேருந்து தீப்பிடித்து, உள்ளிருந்த ஆக்ஸிஜன் சிலிண்டர்கள் வெடித்து, 23 பேர் இறந்தார்கள். ரீட்டாவின் கணக்கில் சேர்ந்த டெக்சஸ் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை புயலால் நேர்ந்தவை அல்ல, வெளியேற்றத்தில் நேர்ந்தவை. ஹார்வியின்போது ஹூஸ்டன் மேயர் ஊரைக் காலிசெய்யச் சொல்லாததற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் தூரமும் காப்பாற்றாது. 2017-இல் இர்மாவின் கணிக்கப்பட்ட பாதை ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு நகர்ந்தது. மயாமியை விட்டுத் தம்பா பக்கம் போனவர்களைப் புயல் பின்தொடர்ந்த மாதிரி ஆயிற்று. 2024-இல் ஹெலீன் கரையேறியது ஃப்ளோரிடாவின் பிக் பெண்டில். மிக மோசமான வெள்ளம் வந்ததோ ஏறக்குறைய நானூறு மைல் தள்ளி, வட கரோலினாவின் ஆஷ்வில் மலைப்பகுதியில். ஆகவே கரையோரமாகவே மேலேயோ கீழேயோ போகாதீர்கள், புயலின் பாதைக்குக் குறுக்காக விலகுங்கள். புயல் நிலத்துக்குள் போகப்போகும் வழியையும் பார்த்துவிட்டு ஹோட்டல் போடுங்கள்.

அப்படியானால் தூரம் யாருக்கு? புயல் கடந்தபின் வரும் கரண்ட் இல்லாத வாரத்தைத் தாங்க முடியாதவர்களுக்கு: நிறைமாத கர்ப்பிணி, கைக்குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோர், இதய நோயாளி. இவர்களுக்குச் சூடே எதிரி. இவர்கள் மூன்று நாள் முன்பே, ட்ராஃபிக் சேரும் முன் கிளம்ப வேண்டும். உத்தரவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்து செய்தால் பணம் திரும்பும் விதத்தில் இரண்டு திசைகளில் இரண்டு ஹோட்டல்கள் போட்டு, முடிவானதும் மற்றதை உடனே விட்டுவிடுங்கள். அந்த அறைக்காக யாரோ தவித்துக்கொண்டிருப்பார்கள். நாலு இரவை மட்டும் கணக்கிட வேண்டாம். ஊருக்குள் விட மறுத்தால் ஏழெட்டு இரவாகும்.

பெட்ரோலை வழியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், இர்மாவில் பங்குகள் வறண்டன. சீசன் முழுவதும் டேங்க் பாதிக்குக் கீழே இறங்காமல் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. கேனில் நிரப்பிக் காருக்குள் வைப்பது ஆபத்து. இவி வைத்திருப்பவர்கள் நெரிசலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஊர்ந்து போகும் காரில் பேட்டரி மெதுவாகத்தான் குறையும். சிக்கல் சார்ஜர் வரிசையில்தான். வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு, ஒரே சார்ஜில் எட்டும் இடத்தைக் குறிவையுங்கள். வீட்டில் விட்டுப் போவதானால் கடல் நீர் ஏறாத பார்க்கிங் மாடியில் விடுங்கள். உப்புநீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரி சில நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். இயனுக்குப் பின்னும் ஹெலீனுக்குப் பின்னும் கராஜ்களில் அது நடந்தது.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புயலுக்கு மூன்று நாளுக்கு முன் டிக்கெட் கிடைத்தால் முதியவர்களை அதில் அனுப்பிவிடுவது நல்லது. கடைசி ஒரு நாளில் விமானங்கள் ஒவ்வொன்றாக ரத்தாகும். அப்போது விமான நிலையத்தில் மாட்டினால் அது ஷெல்டரும் இல்லை, வீடும் இல்லை. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: முப்பதாவது மாடியில் காற்று தரையைவிட ஒரு கேட்டகரி கூடுதலாக இருக்கும், லிஃப்டையும் நிறுத்திவிடுவார்கள், அதனால் ஸோனுக்கு வெளியே உள்ள கட்டடத்தின் மூன்று முதல் பத்தாவது மாடி வரை, ஜன்னல் இல்லாத நடைக்கூடம்தான் இடம். கரைக்கு முன்னால் நீண்டு கிடக்கும் தடுப்புத் தீவில் நிற்கும் கட்டடத்துக்கு இது பொருந்தாது. பாலம் போனால் அங்கே தண்ணீரும் உதவியும் வராது.

கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

தேசிய ஹரிக்கேன் மையத்தின் முழு அறிக்கை கிழக்கு நேரப்படி காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். ஹூஸ்டனில் ஒரு மணி நேரம் முன்பாக. இடைப்பட்ட நேரத்தில் சமூக ஊடகத்தில் சுற்றும் 'புது மாடல்' வரைபடங்களால் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். கூம்பு காட்டுவது புயலின் மையம் போகக்கூடிய பாதையை மட்டும். மூன்றில் ஒரு தடவை மையமே அதற்கு வெளியே போகும். புயலின் அகலம் அதில் கிடையாது. இயன் வந்தபோது பலர் நடுக்கோட்டை மட்டும் பார்த்துத் தம்பாவுக்குத்தான் போகிறது என்றிருந்தார்கள். ஃபோர்ட் மையர்ஸ் பீச் இருக்கும் லீ கவுன்டியில் கிளம்பும் உத்தரவு செப்டம்பர் 27-ஆம் தேதி காலையில்தான் வந்தது. மறுநாள் பிற்பகல் புயல் கரையேறிவிட்டது.

நீங்கள் பார்க்க வேண்டியது அதே தளத்தில் இருக்கும் ட்ராபிகல் ஸ்டார்ம் காற்று வரும் நேரத்தின் வரைபடம். 39 மைல் காற்று உங்கள் ஊருக்கு 'மிக முன்னதாக' எப்போது வரலாம், 'பெரும்பாலும்' எப்போது வரும் என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையை எடுங்கள். ஹரிக்கேன் வாட்ச் 48 மணி நேரம், வார்னிங் 36 மணி நேரம் முன்னால் என்பதும் இந்தக் காற்றிலிருந்து எண்ணுவதுதான், புயலின் கண்ணிலிருந்து அல்ல. உயரமான பாலங்களை இந்தக் காற்றிலேயே மூடிவிடுவார்கள். தாழ்வான கரையோரச் சாலைகளில் அதற்கும் முன்பே தண்ணீர் ஏறிவிடலாம்.

காற்று முன்னதாக வரும் நேரம் புதன் காலை 8 என்று வைத்துக்கொள்வோம். 200 மைல் பயணம், சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம். வெளியேற்ற நாளில் அதை மூன்றால் பெருக்குங்கள், பத்தரை. வழியில் சிறுநீர், பெட்ரோல், பஞ்சர் என்று மூன்று. போய்ச் சேர்ந்தபின் மூச்சுவிட ஆறு. மொத்தம் பத்தொன்பதரை மணி நேரம். அதாவது செவ்வாய் மதியம் பன்னிரண்டரைக்குச் சக்கரம் உருண்டாக வேண்டும். வீட்டை மூட, பொருட்களை உயர்த்த, பலகை மாட்ட ஒரு முழு நாள் வேண்டுமென்றால் வேலை திங்கள் காலையிலேயே தொடங்க வேண்டும். 30 மைல்காரருக்கு இதே கணக்கைப் போட்டால் செவ்வாய் இரவு போதும், ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே போவது நல்லது.

புயல் கடைசி நேரத்தில் பலம் பெருக்குவதுதான் இந்தக் கணக்கைக் குலைப்பது. மில்டன் 2024 அக்டோபர் 6-இல் ஹரிக்கேன் ஆனது, மறுநாளே கேட்டகரி 5. 2021-இல் ஐடா வந்த வேகத்தில், கட்டாய வெளியேற்றத்துக்கு நேரமே இல்லை என்று நியூ ஆர்லியன்ஸ் மேயர் அறிவிக்க வேண்டியதாயிற்று. உத்தரவு வந்தபின் யோசிக்கலாம் என்றிருந்தால் சில புயல்களில் உத்தரவே வராது.

கரண்ட்: ஜெனரேட்டரா, பேட்டரியா?

5,000 வாட்டுக்கு மேற்பட்ட திறந்த சட்ட ஜெனரேட்டர் மலிவு. ஆனால் பாதிச் சுமையில் ஓடினாலே நாளைக்குப் பத்துக் காலனுக்கு மேல் குடிக்கும். பங்கில் கரண்ட் இல்லாத ஊரில் அந்தப் பெட்ரோலுக்கு எங்கே போவது? 2,000 வாட் இன்வெர்ட்டர் வகை, லேசான சுமையில் ஒரு காலனில் எட்டு மணி நேரம் ஓடும். ஒரு ஃப்ரிட்ஜ், 5,000 பிடியூ ஜன்னல் ஏசி ஒன்று, நாலு போன் என்றால் அது போதும். வீடு முழுவதையும் குளிர்விக்க ஆசைப்படாமல் ஒரே அறையில் எல்லோரும் தூங்குவது என்று முடிவெடுத்தால் செலவு சட்டென்று குறைகிறது. 1,000 வாட்-அவர் பேட்டரிப் பெட்டி ஃப்ரிட்ஜை ஒரு நாள்கூட முழுசாக ஓட்டாது. அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கும் தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி இரவில் ஓட வேண்டியவர்களுக்கும் அதுதான் ஏற்றது, காரணம் புகை இல்லை.

புகையில்தான் உயிர் போகிறது. லூசியானாவில் 2020 லாரா புயலுக்குப் பின் ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்ஸைடில் இறந்தவர்கள், ஏறிவந்த கடலில் இறந்தவர்களைவிட அதிகம். கதவு திறந்த கராஜும் வெளியிடம் அல்ல. குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க, அதுவும் ஜன்னல், ஏசி வாய் எதற்கும் நேராக இல்லாமல். உள்ளே பேட்டரியில் ஓடும் சிஓ அலாரம். ட்ரையர் சாக்கெட்டில் இரு முனையும் ஆணாக இருக்கும் கேபிளைச் செருகி வீட்டுக்குக் கரண்ட் ஊட்டும் வேலை மட்டும் கூடவே கூடாது. தெருவில் கம்பியைச் சரிசெய்யும் லைன்மேன் மேல் அது பாயும். ட்ரான்ஸ்ஃபர் ஸ்விட்சோ இன்டர்லாக்கோ எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

காகிதம், பணம், திரும்பி வருதல்

ஃப்ளட் இன்ஷூரன்ஸ் வேறு, வீட்டு இன்ஷூரன்ஸ் வேறு. அரசின் என்எஃப்ஐபி பாலிசிக்கு 30 நாள் காத்திருப்பு, ஆக மே மாதத்தில் எடுக்க வேண்டும். கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000. வீட்டு பாலிசியில் ஹரிக்கேன் டிடக்டிபிள் சதவீதத்தில் இருக்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் என்றால் முதல் 20,000 உங்கள் கையிலிருந்து. கிளம்பும் முன் ஒவ்வொரு அறையையும், அலமாரிகளைத் திறந்துவைத்து, போனில் வீடியோ எடுத்து க்ளவுடில் ஏற்றுங்கள்.

பாஸ்போர்ட், ஐ-797, ஐ-94 அச்சு, ஐ-20, க்ரீன் கார்டு, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பயண மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒரே ஜிப்லாக் பையில், கையோடு. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே போகும் யூஎஸ்-281, யூஎஸ்-77 இரண்டிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. காகிதம் ட்ரங்க்கின் அடியில் கிடந்தால் அவஸ்தை. அப்பா அம்மா ஊரிலிருந்து ஆறு மாதத்துக்குக் கொண்டுவந்த மாத்திரைகளை இங்கே கடையில் வாங்க முடியாது, அந்தப் பையை முதலில் எடுங்கள். ஃப்ளோரிடாவில் ஹரிக்கேன் வார்னிங் வந்துவிட்டால் 30 நாள் மருந்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

ஃபீமாவின் பண உதவி முக்கியமாகக் குடியுரிமையோ க்ரீன் கார்டோ உள்ளவர்களுக்கு; எச்-1பி, எஃப்-1 காரர்களுக்கு நேரடியாகக் கிடையாது. ஆனால் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பெயரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமலே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

திரும்ப அனுமதி வந்தாலும் முகவரிச் சான்று கேட்பார்கள். ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி என்றால் ஒரு கரண்ட் பில்லும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வாருங்கள். நனைந்த வீட்டில் மெயின் பிரேக்கரைத் தொடும் முன் நீங்கள் நிற்கும் தரை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை வாசலிலேயே இருங்கள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரியும். டேப் அளவையை அதன் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்த பிறகு, சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் அனுப்பும் அட்ஜஸ்டருக்காக வாரக்கணக்கில் காத்திருக்காமல் நனைந்த கார்பெட்டையும் ட்ரைவாலையும் அகற்ற ஆரம்பித்துவிடலாம். வெட்டிய ஒவ்வொன்றிலும் ஒரு சாண் துண்டு மட்டும் அவர் பார்ப்பதற்காக எடுத்துவையுங்கள்.